வேலை இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டியதுதானே?

ஒரே நாட்டில் ஒரு வட்டாரத்தில் வேலையின்மை அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பது ஏன், வேலை இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெருநகரத்தில் பிறந்தவராக இருக்கக்கூடும், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உசிலம்பட்டிக்காரன், போய்ப் பார்த்துத் திரும்பியவன்.

ஒரு தொழில் வேரூன்றிய இடத்துக்கே அதைச் சார்ந்த தொழில்களும் வந்து சேர்கின்றன. 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்த பிறகு கோவையில் மில்கள் பெருகின. மோட்டார், பம்புப் பட்டறைகளும் வளர்ந்தன. 1996இல் ஹூண்டாய் காலூன்றிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உதிரிபாகத் தொழிற்சாலைகள் திரண்டன. மதுரையிலும் ஹார்வி மில் இருந்தது, என் தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார். ஆனால் மில் வேலை சுருங்கியபோது, அத்தனை பேரையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வேறொரு தொழில் இங்கே வளர்ந்திருக்கவில்லை.

டிப்ளமோ முடித்ததும் நானும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். அறைக்கு முன்பணம் பத்து மாத வாடகை. அதற்காக அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. நான்கு பேர் இரண்டு பாயில் ஷிப்டு மாற்றிப் படுத்தோம். பதினோராவது மாதம் பயிற்சிக்காலம் முடிந்ததென்று அனுப்பிவிட்டார்கள், தோடு மீளவில்லை. ஊர் விட்டுப் போவதற்கும் முதல் வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் அப்பாவின் மளிகைக்கடையில் பருப்புப் பொட்டலம் மடித்தேன். சம்பளம் கிடையாது. ஆனாலும் அரசுக் கணக்கெடுப்பின் இலக்கணப்படி, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவரும் வேலையில் இருப்பவரே. கேரளத்தின் வேலையின்மை விகிதம் பீகாரைவிட அதிகமாகப் பதிவாவதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்: படித்துவிட்டுத் தகுந்த வேலைக்காகக் காத்திருக்க வசதியுள்ளவரே வேலையற்றவராகக் கணக்கில் ஏறுகிறார், காத்திருக்க முடியாதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். கேரளத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இதற்கிடையே மதுரைக்குப் பக்கத்திலுள்ள கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். "உள்ளூர்ப் பையன்கள் காதுகுத்து, கேதம், சித்திரைத் திருவிழா என்று லீவு கேட்பீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் மேலாளர். அந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். அவரும் ஊரில் எதையாவது அடகு வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறியிருப்பார்.