கேள்வி நேரம்: மோட்டர் நின்றால் போட் ஏன் குழம்புகிறது?

ஒட்டுசுட்டான் வாசகர்: மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் 1 குதிரைவலு மோட்டரை ஈஎஸ்பி32 என்ற நுண்செயலிப் போட்டாலும் (சிறு கணினிப் பலகை) நீல நிற றிலேயாலும் (மின்னால் இயங்கும் சுவிட்ச்) இயக்குகிறேன். மோட்டரைப் போடுவதில் பிரச்சினை இல்லை. நிறுத்தும்போதுதான் போட் தானாக மறுபடி தொடங்குகிறது. புரோகிராமை மூன்று தரம் மாற்றி எழுதியும் பலனில்லை.

புரோகிராமை விடுங்கள், பிழை அங்கே இல்லை. மோட்டரின் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால் றிலேயின் தொடுகைகளுக்கிடையே பொறி பறக்கும். அந்த இரைச்சல் வயர்கள் வழியாகப் போட்டுக்குள் ஏறி நுண்செயலியைக் குழப்புகிறது. மோட்டரைப் போடும்போது போட் விழுந்து, சீரியல் மொனிட்டரில் (போட் அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் திரை) 'பிரவுன்அவுட்' என்று வந்திருந்தால் மின்வழங்கியின் வோல்ற்றளவு இறங்குகிறது என்போம். உங்களுடையது அதுவல்ல.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. றிலேயின் மேல் 10 அம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீற்றர் போன்ற சுமைகளுக்கு. 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர்தான் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு. ஒருநாள் தொடுகைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு போட் 'நிறுத்து' என்றாலும் மோட்டர் நிற்காது, கிணறு வற்றும் வரை ஓடும்.

ஆகவே றிலே, கொன்டாக்டர் எனும் பெரிய மின்னோட்டத்துக்கான சுவிட்ச்சின் சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டரைக் கொன்டாக்டரும் ஓவர்லோட் றிலேயும் (மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டரை நிறுத்துவது) பார்த்துக்கொள்ளும். பொறியை அடக்க, அந்தச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையியையும் 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவியையும் தொடராக இணையுங்கள். கொள்ளளவி 'எக்ஸ்2' வகையாக (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடத்தக்கது), 275 வோல்ற்று ஏசி தாங்குவதாக இருக்கவேண்டும். இதை றிலேயின் தொடுகைக்குக் குறுக்கே போடுவோரும் உண்டு. அப்போது றிலே திறந்த பின்பும் சில மில்லி அம்பியர் கசிந்து, சிறிய கொன்டாக்டர் விடாமல் முனகும். ஏசி சுருளுக்கு இருவாயி (டயோட்) போடக்கூடாது.

றிலே மொடியூலில் 'ஜேடி-விசிசி' (றிலேச் சுருளுக்கு மின் கொடுக்கும் பின்) ஜம்பர், அதாவது இரு பின்களை இணைக்கும் சிறு மூடி, இருந்தால் கழற்றி, அந்தப் பின்னுக்குத் தனி 5 வோல்ற்று வழங்கி கொடுங்கள். விசிசிக்குப் போட்டின் 3.3 வோல்ற்று போதும். ஜம்பர் மாட்டியிருக்கும் வரை ஒப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் ஒளியால் மட்டும் இணைத்துப் பிரித்துவைக்கும் சில்லு) வெறும் அலங்காரம். றிலேக்குப் போட்டின் 25 அல்லது 26ஆம் பின்னை (ஜிபிஐஓ எண்) எடுங்கள். 0, 2, 12, 15 வேண்டாம்: போட் எழும்பும்போது அவற்றைத் தானே வாசிக்கும். 230 வோல்ற்று வேலையை மின்னியலாளரிடம் விடுங்கள், ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

மல்லாவி வாசகி: இரண்டு கால் உள்ள மண் ஈரப்பத சென்சர் இரண்டு கிழமையில் கறுத்துவிடுகிறது. மட்டமான சாமானா?

சாமானில் குற்றமில்லை. ஈர மண்ணில் நேரோட்டம் ஓயாமல் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து கால் கரையும். கொள்ளளவு வகை சென்சருக்கு மாறுங்கள். அதன் வெட்டு விளிம்புகளுக்கும் மேலுள்ள சில்லுகளுக்கும் எபொக்ஸி பூசாவிட்டால் அதுவும் ஊறிக் கெடும். அளவுகோலை உங்கள் மண்ணிலேயே போடுங்கள்: வெயிலில் காய்ந்த மண்ணில் ஒரு வாசிப்பு, தண்ணீர் ஊற்றி வடிந்தபின் இன்னொன்று. செம்மண்ணில் எடுத்த எண்களைக் குளத்தடிக் களிமண்ணுக்குக் கொண்டுபோனால் பொய் சொல்லும். ஈஎஸ்பி32 என்றால் 32 முதல் 39 வரையான அனலொக் பின்களில் இணையுங்கள். மற்றவை வைஃபை ஓடும்போது வாசிக்காது.

கிளிநொச்சி மாணவர்: இனி எல்லாம் ரிஸ்க்-ஃபைவ் (ஆர்ம் போல இன்னொரு சில்லு வடிவமைப்பு), சில்லுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். எதைப் படிப்பது?

சி மொழியும் தரவுத்தாள் வாசிப்பும். 2024இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ 2இன் சில்லில் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டு வகைக் கருக்களும் இருக்கின்றன. நீங்கள் எழுதும் சி நிரலில் பெரும்பகுதி எதிலும் அப்படியே ஓடும்.

நுண்ணறிவு வேண்டாத இடத்தில் அதைத் திணிக்காதீர்கள். கிணறு வற்றி மோட்டர் வெறுமனே ஓடுவதைக் கண்டுபிடிக்க மொடல் எதற்கு? தண்ணீர் இல்லாவிட்டால் மின்னோட்டம் சட்டென இறங்கும். எஸ்சிடி-013 போன்ற கவ்வி சென்சரால் அளந்து, சுமையோடு ஓடும் அளவிலிருந்து கீழே ஓர் எல்லை வைத்து, 10 விநாடி தொடர்ந்து அதற்குக் கீழ் நின்றால் நிறுத்துங்கள். கவ்வியை ஒரேயொரு வயரில் மாட்டவேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று சமன்செய்து சுழியம் காட்டும்; மோட்டர் ஓடவே இல்லை என்று போட் நினைத்துக்கொள்ளும்.