கப்பலில் வந்தவளின் பேர்

அன்புள்ள அக்கா,
என் அக்காவின் மகன் அமெரிக்க இராணுவத்தில் மெடிக்காக, அதாவது களத்தில் காயப்பட்டவர்களுக்கு முதலுதவி செய்பவனாக, இருந்து விலகிவிட்டான். 29 வயது. இப்போது பல்கலைக்கழகத்தில் நாலு வருடத் தாதியர் பட்டம் படிக்கப் போகிறானாம். செய்த வேலையையே திரும்பப் படிப்பதா என்று வீட்டில் சண்டை. ஆம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா என்றும் கேட்கிறார்கள். பழைய பயிற்சியைக் கணக்கில் எடுப்பார்களா?
- ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

ஆம்பிளைப் பிள்ளை என்ற பேச்சுக்கு நான் பதில் எழுத மாட்டேன்.

பயிற்சியைக் கணக்கில் எடுப்பது இடத்துக்கு இடம் மாறும். இதற்கென்றே 2013இல் அந்த நாட்டு அரசு சில பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. முன்னாள் படைவீரருக்கான கல்விச் சலுகை 36 மாதம் வரை உண்டு. ஒன்பது மாதக் கல்வியாண்டாகப் பார்த்தால் நாலு வருடம். பட்டம் முடித்தாலும் தாதியாக வேலை செய்ய உரிமம் பெற என்கிளெக்ஸ் பரீட்சை தேற வேண்டும். சரி, அதை அவன் பார்த்துக்கொள்வான்.

'செய்த வேலையையே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மெடிக் பயிற்சி ஏறத்தாழ 16 கிழமை. இரத்தத்தை நிறுத்து, மூச்சைக் காப்பாற்று, ஹெலியில் ஏற்று. ஏற்றிவிட்டபின் அந்த ஆளை அவன் திரும்பக் காண்பதே அரிது. தாதிக்கு வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான்: ஆறாத சர்க்கரைப் புண், சாப்பிட மறுக்கிற கிழவி, மகன் வருவானா என்று வாசலையே பார்த்துக் கிடக்கிற தகப்பன்.

2009 பெப்ரவரியில் அம்மாவோடு திருகோணமலை ஆஸ்பத்திரியில் நின்றேன். சண்டை நடந்த புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் காயக்காரர் வந்து இறங்கிய நாட்கள். பக்கத்துக் கட்டிலில் கால் போன ஒரு பெண், இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. கட்டு ஒழுங்காக மாற்றினார்கள், மருந்து நேரத்துக்கு வந்தது. மூன்றாம் இரவு ஒரு சிங்களத் தாதி, இளம் பெடியன், உடைந்த தமிழில் "பேர் என்ன?" என்று கேட்டான். பதில் இல்லை. அவன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்படியே இருந்தான். எவ்வளவு நேரமோ தெரியாது, அம்மாவுக்குச் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அவள் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பேரும், பிள்ளைகளின் பேரும்.

எப்போது கட்டு மாற்றுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள 16 கிழமை எப்படிக் காணும்?

பத்து வயது குறைந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து பிரஷர் பார்க்கப் பழகுவது அவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்தும் ஏச்சு வேண்டாம். இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள், இன்றைக்கே.