அம்மாவின் கார் எங்கே நிற்கிறது?

கேள்வி: எழுபதுகளில் டெட்ராய்ட் பக்கம் இன்ஜினியராக வந்த என் அப்பா, 1975இல் கூட வேலை பார்த்தவரிடமிருந்து ஒரு 1969 பான்டியாக் ஜிடிஓ ஜட்ஜ் கார் வாங்கினார். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு எல்எஸ் இன்ஜின் (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8), ஆறு கியர், டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போட்டு ஓட்ட வேண்டும் என்கிறார் அண்ணன். எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. வண்டி அம்மா வீட்டு கேரேஜில் ஒரு பக்கம் நிற்கிறது. நான் கழற்றி வைத்த பாகங்கள் மறு பக்கம். அம்மா (76) தன் காரை வெளியே டிரைவ்வேயில் விட்டுக்கொள்கிறார், அதனால் இடப் பிரச்சினை இல்லை. அப்பாவின் நினைவைக் காப்பாற்றுவது நானா, அண்ணனா?
- ஒரு வாசகர், ட்ராய், மிச்சிகன்

பதில்: இடப் பிரச்சினை யாருக்கு இல்லை?

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஓட்டு வீட்டை இடிப்பதா வைப்பதா, அப்பத்தாவின் காசுமாலையை உருக்குவதா வேண்டாமா என்று வருடத்துக்குப் பத்தாவது வரும். கார் வந்திருப்பது இதுதான் முதல் தடவை. எல்லாக் கடிதத்திலும் செத்துப்போனவர் பெயர் பத்து இடத்தில் இருக்கும். உயிரோடிருப்பவர் ஒரு வரியில் வந்து போவார். உங்கள் அம்மாவும் ஒரு வரிதான், அதுவும் அவர் கார் நிற்கிற இடத்தைச் சொல்வதற்காக.

மிச்சிகன் பனிக்காலத்தை நான் மகள் வீட்டிலிருந்து இரண்டு முறை பார்த்தவள். இரவெல்லாம் வெளியே நின்ற காரின் கண்ணாடியில் பனி, தோசைக்கல்லில் அடிப்பிடித்த மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப்போகும். கதவு ரப்பர் உறைந்து திறக்காது. காலுக்குக் கீழே தரை ஈரமாக இருப்பதுபோல்தான் தெரியும், மிதித்தால் ஐஸ். 76 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், துருப் பிடித்துவிடும் என்று பழைய வண்டிக்காரர்கள் குளிர்காலம் முழுக்க வண்டியை வெளியே எடுக்கவே மாட்டார்கள். நீங்களும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருப்பீர்கள். அந்த உப்பில் நடந்து போய் வருகிறவர் அம்மா. இரண்டு கார் நிற்கிற கேரேஜ் அவர் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டு கேரேஜில் எத்தனை கார் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வண்டி விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். ஜிடிஓ 1964இல் வந்தது. ஜட்ஜ் அதிலேயே ஒரு தனி ரகம். பிளிமத் கம்பெனியின் ரோட் ரன்னர் கார் மலிவு விலையில் சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, அதற்குப் போட்டியாகத்தான் பான்டியாக் ஜட்ஜை யோசித்தது. மலிவாக விற்க நினைத்தது கடைசியில் சாதாரண ஜிடிஓவைவிட 332 டாலர் கூடுதல் விலைக்கு வந்து நின்றது. 1969இல் செய்தது மொத்தம் 6,833. அதில் கூரை மடக்குகிற வண்டி வெறும் 108. 2010இல் பான்டியாக் கம்பெனிக்கே மூடுவிழா ஆகிவிட்டது. இப்படிப்பட்ட வண்டியின் தகட்டில் ரம்பம் வைத்தால் திரும்ப ஒட்ட முடியாது. ஆறு கியர் பெட்டிக்கு இடம் பண்ணப் பெரும்பாலும் தரைத்தகட்டை வெட்டத்தான் வேண்டியிருக்கும். அண்ணனிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் 'ஒரிஜினல், ஒரிஜினல்' என்று நீங்கள் பிடிக்கிற பிடிக்கு ஆதாரம் பார்த்தீர்களா? வண்டி எண் (நம்பர் பிளேட் இல்லை, ஃபேக்டரியில் அடித்த விஐஎன் எண்) 242 என்று தொடங்கினால் அது ஜிடிஓ, அவ்வளவுதான் தெரியும். ஜட்ஜா என்பதை அந்த எண் சொல்லாது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டினால் அந்த வண்டியின் பழைய ஃபேக்டரி பில் நகல் கிடைக்கும். இன்ஜின் பிளாக்கின் முன்புறம் அடித்திருக்கும் எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இன்ஜினுக்காக எட்டு மாதம் அண்ணனோடு முகம் கொடுக்காமல் இருந்தது எதற்கு?

டிஸ்க் பிரேக் கேட்பதில் அண்ணன் மேல் தப்பே இல்லை. 1969இல் முன் சக்கரத்துக்கு ஃபேக்டரியே அதைக் கூடுதல் காசுக்குக் கொடுத்தது. போல்ட் போட்டு மாட்டுகிற சமாச்சாரம், பழைய டிரம் பிரேக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம். எல்எஸ், ஏசி ஆசையெல்லாம் இருந்தால் அதே வருடத்து பான்டியாக் லெமான்ஸ் கார் ஒன்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உடம்பு ஒன்றுதான், இவ்வளவு விலை இல்லை. அதில் அவர் இஷ்டத்துக்கு வெட்டட்டும்.

இன்னொன்று. 1973இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடைக்குப் பிறகு பெட்ரோல் குடிக்கிற இந்த வண்டிகளைச் சீந்த ஆளில்லாமல் இருந்தது. அப்போது உங்கள் அப்பா வாங்கியது கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருளை அல்ல, ஒரு பழைய காரை. எட்டு மாதமாகப் பிரித்துப் போட்டு, திருகாணியெல்லாம் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறதே, எந்த ஃபேக்டரியிலிருந்து இப்படி வந்தது?

டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது? அதையும் எழுதவில்லை. நான் பழைய ஆள். பெற்றவள் இருக்கும்போது அவள் வீட்டுப் பொருளைப் பிள்ளைகள் 'என் கட்சி, உன் கட்சி' என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்தக் காரில் அவர் எத்தனை வருடம் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருப்பார்! அதை விற்க வேண்டும் என்றுகூட அவர் மனதில் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

ஆனால் இன்றைக்குக் கேட்காதீர்கள். இன்றைக்குக் கேட்டால் 'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கப்பா' என்பார். முதலில் அந்தப் பாகங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கார் வெளியே நிற்கட்டும், நீங்கள் சுரண்டுங்கள். அம்மாவின் கார் உள்ளே போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள், அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிப்பீர்கள். கழற்றி வைத்ததில் பானெட்டும் இருக்கும், நீங்கள் ஹூட் என்பீர்கள். தனியாளாகத் தூக்கினால் மூலை இடித்துப் பெயின்ட் போகும், அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அக்டோபர் தாண்டுவதற்குள் போன் பண்ணுங்கள், தம்பி.