ஓடுபாதைக்கு அடியில் ஓடும் ஆறு: மும்பை விமான நிலைய மழைநீர் பற்றிய கேள்வி பதில்

மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மழைநீர் வடிகால் வடிவமைப்பில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

சாக்கிநாக்காவிலிருந்து: விமான நிலையத்தை விரிவாக்கியதால்தான் மித்தி ஆறு எங்கள் பக்கம் பொங்குகிறது என்கிறார்களே, உண்மையா ஐயா?

முழுக் காரணமும் அதுவே என்று சொல்ல முடியாது. ஆனால் அதை ஒதுக்கிவிடவும் கூடாது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரோடு புறப்பட்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தை அடையும் மித்தி, வழியில் விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து செல்கிறது. அந்த வளாகத்தில் ஆறு தன் இயல்பான வளைவுகளை இழந்து, ஏறத்தாழ செங்கோணமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. வேகமாக வரும் வெள்ளம் இத்தகைய திருப்பத்தில் வேகம் குறைந்து வண்டலை இறக்கிவிடும். வண்டல் படியப் படிய வழி குறுகும். குறுகிய வழியைக் கடப்பதற்காக, ஆறு வரும் திசையிலுள்ள மேற்பக்கத்தில் நீர்மட்டம் உயரும். அந்த மேற்பக்கத்தில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று பிற்பகலில் 4.48 மீட்டர் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டதால், மாஹிமில் நீர் வெளியேற இடமில்லாமல் போயிற்று. விமான நிலையமே மூடப்பட்டது. அவ்வளவு பெரிய மழைக்கு எந்த நகரத்தின் வடிகாலும் ஈடுகொடுத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவலை வேறு: ஆண்டுதோறும் வரும் சாதாரணக் கனமழைக்கே இந்தத் திருப்பங்கள் தடையாகின்றன, அவற்றைத் தூர்வாருவதோ, ஓடுபாதைக்கு அடியில் இருப்பதால், எளிதான வேலை அன்று.

மாட்டுங்காவில் கட்டுமானப் பொறியியல் படிக்கும் மாணவி: விமான நிலையம் விரியும்போது கூடுதலாக எவ்வளவு நீர் வெளியேறும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 1,000 கன மீட்டர். புல்வெளியாக இருந்தால், அதில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு மட்டும் வழிந்தோடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே இடத்தைக் கான்கிரீட்டால் மூடி விமான நிறுத்துமிடமாக்கினால் தொண்ணூறு விழுக்காடு வழிந்தோடும். ஆகவே ஒரே ஹெக்டேரிலிருந்து 600 கன மீட்டர், அதாவது 6 லட்சம் லிட்டர், கூடுதலாக வடிகாலுக்கு வருகிறது. 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 60 லாரிகள் தேவைப்படும். மண் ஏற்கெனவே ஊறியிருக்கும் ஜூலை, ஆகஸ்டில் புல்லும் அதிகம் உறிஞ்சாது. எனவே மும்பையில் அப்போது புல்வெளியிலிருந்தும் முப்பது விழுக்காட்டுக்கு மேல் வழிந்தோடலாம்.

அளவைவிட வேகம் இன்னும் முக்கியம். புல்லில் மெல்ல ஊர்ந்து வந்த நீர் கான்கிரீட்டில் சில நிமிடங்களில் வந்துசேரும். நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு அமைக்கப்பட்டவை. 1993இல் அறிக்கையாக வந்த, மும்பை மழைநீர் வடிகால்களை மேம்படுத்தும் பிரிம்ஸ்டோவாட் திட்டம் அதை 50 ஆக உயர்த்தச் சொன்னது. இத்தகைய வடிகாலில் ஒரு பெரிய வளாகத்தின் நீர் முழுவதும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். புதிதாக மூடப்படும் ஒவ்வொரு ஹெக்டேரின் கூடுதல் நீரையும் வளாகத்துக்குள்ளேயே தேக்கி, மழை ஓய்ந்த பின் மெல்ல வெளியேற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வேலிக்கு உள்ளே உலர்ந்த ஓடுபாதையும் வேலிக்கு வெளியே முழங்கால் அளவு நீரும் இருந்தால், அந்த வடிவமைப்பை வெற்றி என்று நான் ஏற்கமாட்டேன்.

தாணேயிலிருந்து: அப்படியானால் உள்ளேயே ஓர் ஏரி வெட்டிவிடலாமே?

நீர் நின்றால் மீனும் பூச்சியும் வரும். அவற்றைத் தேடிக் கொக்கும் நாரையும் வரும். பறவை எஞ்சினில் சிக்கினால் விபத்து நேரலாம். எனவே மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் முழுவதும் வடிந்துவிடும் தேக்கங்களையே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மும்பை போன்ற நெருக்கடியான வளாகத்துக்கு நிலத்தடித் தொட்டியே பொருத்தம். ஹிந்த்மாதா பகுதியில் தேங்கும் வெள்ளத்துக்காக மாநகராட்சி பரேல் பக்கம் மைதானத்துக்கு அடியில் அப்படிக் கட்டியிருக்கிறது. அது செலவு மிகுந்த வழிதான்.

முலுண்டிலிருந்து: ஓடுபாதையில் காணும் குறுக்குக் கீறல்கள் வடிகாலா?

டயருக்கு அடியில் நீர்ப்படலம் தங்காமல் வெளியேறுவதற்காக அவை இடப்படுகின்றன. ஓடுபாதையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, இருபுறமும் சுமார் 1.5 விழுக்காடு சரிந்திருக்கும். நீரின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைத் தேங்கிய நீராகவே கருதுவார்கள்.

தாராவியிலிருந்து: வடிகால் அகலமாக இருந்தும் அடைத்துக்கொள்கிறதே, ஏன்?

விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒரு வாய்க்கால் கடக்கும் இடத்தில், ஆள் நுழையாதபடி கம்பி வலை பொருத்துவது பாதுகாப்பு விதி. அந்தக் கம்பியில் முதல் பெருமழையின் பிளாஸ்டிக் முழுவதும் சிக்கும். பிறகு வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை, சுவரே அணையாகிவிடும். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தால் இரண்டு வாரங்கள் மூடிக்கிடந்த கொச்சி விமான நிலையத்தில், நீரின் அழுத்தம் தாங்காமல் சுற்றுச்சுவர் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு விழுந்தது. சாய்வான கம்பிகளும், அவற்றை வெளியிலிருந்து சுத்தம் செய்ய ஒரு மேடையும், யார் சுத்தம் செய்வது என்பதில் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுத்துபூர்வமான உடன்பாடும் வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் இருப்பதில்லை.

பன்வேலிலிருந்து: நவி மும்பை விமான நிலையம் எங்கள் அருகே வந்திருக்கிறது. நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

அங்கே குன்றைத் தகர்த்து, தாழ்நிலத்தை நிரப்பி, உல்வே ஆற்றைத் திசை திருப்பியிருக்கிறார்கள். நிரப்பிய மேடு பாதுகாப்பாக இருக்கலாம். முன்பு அந்தத் தாழ்நிலத்தில் பரவிய கடல் ஏற்ற நீரும் மழைநீரும் இனி எங்கே பரவும் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். திருப்பிய கால்வாய் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைக்கப்பட்டது, கடல் ஏற்றத்தின் உச்சத்தில் அதன் கொள்ளளவு எவ்வளவு, உங்கள் ஊர்ப் பக்கம் நீர்மட்டம் எவ்வளவு உயரும் எனக் கணித்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். மழைக்கு முன்பே உங்கள் தெருவில் ஒரு மின்கம்பத்தில் அளவுக்கோடு வரைந்து, ஒவ்வொரு பெருமழையின்போதும் நீர்மட்டத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அவர்கள் தரும் கணிப்போடு ஒப்பிட அது உதவும்.