பத்து பாயின்ட் கணக்கு

கேள்வி: சென்னை ஓப்பன் டென்னிஸில் பெண்கள் இரட்டையரில் 40-40 வந்தால், அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேம் என்கிற அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயின்ட்டிலேயே கேம் முடிந்துவிடுகிறது. ஆளுக்கொரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டும் கிடையாது, பத்து பாயின்ட்டில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு மூச்சு வாங்கும் என்பதால்தானே இந்தச் சலுகை? இதற்கு முழுப் பரிசுத்தொகை வேறா?
- வாசகர், திருச்சி

பதில்: 2011 ஜனவரியில், சென்னை ஓப்பன் ஆண்கள் போட்டியாக இருந்த காலத்தில், இதே நுங்கம்பாக்கம் அரங்கில் பயஸும் பூபதியும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். இறுதி ஆட்ட ஸ்கோர் 6-2, 6-7, 10-7. அந்தக் கடைசி 10-7 நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அதே பத்து பாயின்ட்தான். அன்றைக்கு யாருக்கு மூச்சு வாங்கியது என்று கேட்டு யாரும் கடிதம் போட்டதாக நினைவில்லை.

ஆண்கள் டூர், பெண்கள் டூர் இரண்டிலும் இரட்டையருக்கு ஒரே விதி. அட்டவணை போடுகிறவரின் வசதிக்காக வந்த விதி இது. அட்வான்டேஜ் இருந்தால் ஒரு கேம் எத்தனை டியூஸ் (மறுபடி சமநிலை) இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லையென்றால் எந்தக் கேமும் ஏழு பாயின்ட்டைத் தாண்டாது. மூன்றாவது செட் முக்கால் மணி நேரம் தின்னும். முதலில் பத்து பாயின்ட் எடுக்கும் ஜோடிக்கு வெற்றி என்கிற பத்து பாயின்ட் டைபிரேக் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதே கோர்ட்டில் அடுத்த ஆட்டம் எப்போது என்று டிவிக்காரருக்குத் தைரியமாக வாக்குக் கொடுக்கலாம். ஒற்றையர் ஆடுகிறவர்களும் காலைக் கெடுத்துக்கொள்வோமோ என்ற பயமில்லாமல் இரட்டையரில் பெயர் கொடுப்பார்கள்.

இரண்டு வாரம் நடக்கும் விம்பிள்டனில் இந்த அவசரம் இல்லை. அங்கே பெண்கள் மூன்றாவது செட்டை முழுசாகவே ஆடுகிறார்கள். 2015 இறுதி ஆட்டத்தில் சானியா மிர்சா-ஹிங்கிஸ் ஜோடி மகரோவா-வெஸ்னினாவிடம் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து 5-5 வரை இழுத்து வந்தார்கள். வெளிச்சம் குறைந்ததால் கூரையை மூடி ஆட்டத்தைத் தொடர, 5-7, 7-6, 7-5 என்று கோப்பை கைக்கு வந்தது. ஆண்கள் அங்கே ஐந்து செட் ஆடினார்களே என்பீர்கள். ஆடினார்கள், 2022 வரை. 2023 முதல் இரட்டையரில் அவர்களுக்கும் மூன்று செட்தான்.

இனி 'சலுகை'க்கு வருவோம். 40-40 ஆனதும் நடுவர் 'டிசைடிங் பாயின்ட், ரிசீவர்ஸ் சாய்ஸ்' என்று அறிவிப்பார். வலப்பக்கக் கட்டத்துக்கு சர்வ் வரட்டுமா இடப்பக்கத்துக்கா என்பதை எதிர் ஜோடி முடிவு செய்யும். இடம் மாறி நிற்க முடியாது, வலப்பக்கக்காரர் வலப்பக்கத்திலேதான். அதுவரை இருவரும் ஆளுக்கு மூன்று சர்வை எடுத்திருப்பார்கள், யாருக்கு ரிட்டர்ன் (சர்வைத் திருப்பி அடிப்பது) நன்றாக விழுகிறது என்று தெரிந்திருக்கும். அவரை முன்னே விடுவார்கள். சர்வ் செய்பவருக்கு இங்கே டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தப்பினால், கேமே போச்சு. அதனால் முதல் சர்வை வேகம் குறைத்தாவது உள்ளே போடப் பார்ப்பார், அதுவும் நடுக்கோட்டை ஒட்டி. அகலமாகப் போட்டால் எதிராளிக்குக் கோணம் கிடைக்கும். நெட்டில் நிற்கும் தோழி நடுவே பாய்ந்த நேரம் பார்த்து, அவர் காலி செய்த ஓரத்தில், இரட்டையருக்கென்று கோர்ட்டின் பக்கத்தில் கூடுதலாக இருக்கும் நாலரை அடிப் பட்டைக்குள் அந்த எதிராளி பந்தை அடித்துவிடுவார். அட்வான்டேஜ் இருந்தால் இந்தத் தவறைச் சரிக்கட்ட இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே கிடையாது.

பத்து பாயின்ட் டைபிரேக்கிலும் இதே கதைதான். அதற்கு முன் 120 விநாடி இடைவேளை. புதுப் பந்து தர மாட்டார்கள். எந்த ஜோடி முதலில் சர்வ் செய்யும் என்பது முந்தைய வரிசைப்படி ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஆனால் ஜோடிக்குள் யார் முதலில் என்பதையும், யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது என்பதையும் புது செட்டுக்குப் போலவே மாற்றிக்கொள்ளலாம். யோசிக்காமல் பழைய வரிசையிலேயே போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் பாயின்ட்டுக்கு ஒருவர் சர்வ் செய்ய, பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. ஆட்டம் 10-7 என்று முடிந்தால் மொத்தம் 17 பாயின்ட். முதலில் தொடங்கியவர் 1, 8, 9, 16, 17 என்று ஐந்துக்கு சர்வ் செய்திருப்பார், மற்ற மூவருக்கும் நான்கு நான்கு. நெருக்கமான முடிவில் கடைசிப் பந்து யார் கையில் என்று பாருங்கள். 9-9 வந்தால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். 6-1, 6-7, 8-10 என்று தோற்ற ஜோடியின் கேம்களைக் கூட்டிப் பாருங்கள்: இவர்களுக்கு 12, ஜெயித்தவர்களுக்கு 8. இப்படித் தோற்றுவிட்டு வருகிறவரிடம் சலுகை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா ஆட்டமும் அங்கே போய் நிற்பதும் இல்லை. 2022 சென்னை ஓப்பன் இறுதியில் கனடாவின் டாப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் ஸ்டெஃபானியும் 6-1, 6-2 என்று பிளிங்கோவா-ஸலமிட்ஸே ஜோடியைச் சுருட்டினார்கள். முந்தைய ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்த ஸ்டெஃபானி, அதன்பின் களமிறங்கிய முதல் போட்டி அது.

பரிசுத்தொகையா? சென்னை போன்ற 250 நிலைப் போட்டியில் (சாம்பியனுக்கு 250 தரவரிசைப் புள்ளி) இரட்டையர் சாம்பியன் ஜோடிக்குக் கிடைப்பது ஒற்றையர் சாம்பியன் வாங்குவதில் பாதிகூட வராது. அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும்.