மெட்ரோ வரப்போகிறது என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாமா? வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எனக்கு எழும்பூரில் அலுவலகம், அவருக்குக் கிண்டியில். மாமியாருக்கு முழங்கால் வலி. இருந்தாலும் மயிலாப்பூர் கோயிலுக்கு அடிக்கடி போக ஆசைப்படுவார். மேற்கு மாம்பலத்தில் இரண்டு கிரவுண்டு மனையில் 8 வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்பு கட்டுகிறார்கள். 1,000 சதுர அடி, இரண்டு படுக்கையறை. 'பனகல் பார்க் மெட்ரோ 5 நிமிடம்' என்று சொல்லி, நாலு தெரு தள்ளி இருக்கும் இதே மாதிரி வீட்டைவிடச் சதுர அடிக்கு 1,500 ரூபாய் அதிகம் கேட்கிறார் பில்டர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். வீடே வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கூடுதல் 1,500 ரூபாயைத்தான் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கிண்டியும் எழும்பூரும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில் உள்ளவை. மாம்பலத்தில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. எதிர்ப்பக்கம் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, நாலாவது எழும்பூர். உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் போகிற ரயில் இன்றைக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பனகல் பார்க் வழியாக வரப்போகும் மெட்ரோ கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் 26 கிலோமீட்டர் பாதை. அதில் போய் எழும்பூர் சேர வேண்டுமென்றால் வடபழனியிலோ நந்தனத்திலோ இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். உங்களுக்கு அது சுற்றுவழி.

மாமியாருக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. பனகல் பார்க்கில் ஏறினால் நந்தனம், ஆழ்வார்பேட்டை வழியாகத் திருமயிலை போய்விடலாம், நிலையங்களில் லிஃப்ட் இருக்கும். ஆனால் அதற்காக நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 1,000 சதுர அடிக்கு 15 லட்சம் ரூபாய். 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணையில் அதற்கு மட்டும் சுமார் 13,000 ரூபாய். கடன் முடியும்போது 31 லட்சம் கட்டியிருப்பீர்கள். வாரம் இரண்டு தடவை வாசலுக்கு ஆட்டோ வரவழைத்துக் கோயிலுக்குப் போய் வந்தாலும் அந்தப் பணத்தில் பாதிகூடச் செலவாகாது.

அப்புறம், 'வரப்போகிறது' என்ற பேச்சு. சென்னையில் மெட்ரோ முதல் கட்ட வேலை 2009-இல் தொடங்கியது. கோயம்பேடு–ஆலந்தூர் பகுதியில் முதல் ரயில் ஓடியது 2015 ஜூனில். முதல் கட்டம் முழுதாக முடிய 2019 பிப்ரவரி ஆனது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் கதை இன்னும் வருத்தமானது. மொத்தமே 5 கிலோமீட்டர், வேலை ஆரம்பித்தது 2008-இல். ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் மாட்டிக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்துவிட்டது. 'நாளைக்கே ஸ்டேஷன்' என்று நம்பி அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் அதற்குள் பள்ளி முடித்துக் கல்லூரியே போயிருப்பார்கள். வரப்போகும் ரயிலுக்கான விலையை வந்த பிறகு கொடுத்தால் போதும். உங்கள் மாதத் தவணை ரயிலுக்காகக் காத்திருக்காது.

அந்த 5 நிமிடத்தையும் சோதிக்க வேண்டும். மேற்கு மாம்பலத்துக்கும் பனகல் பார்க்குக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி ரங்கநாதன் தெரு வழியாகப் போகலாம், இல்லையென்றால் துரைசாமி சுரங்கப்பாதை. எந்த வழியில் போனாலும் 5 நிமிடத்தில் நடந்து சேர்வது கடினம். 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிறது. பஸ் பிடிக்க அது பெரிய உதவி. ஆனால் அது உங்களைப் பனகல் பார்க்கில் கொண்டு விடாது. மூன்று பேருமாக ஒரு சனிக்கிழமை மாலை கட்டடத்தின் வாசலிலிருந்து நடந்து பாருங்கள். மாமியார் எந்த இடத்தில் நிற்கிறார், எங்கே படி ஏற முடியாமல் திரும்பச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் வீட்டின் உண்மையான தூரம்.

அதோடு மழை நாளில் ஒரு முறை போங்கள். தி.நகரின் பெரும்பகுதி 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவானது. 2015-இலும் 2021 நவம்பரிலும் தி.நகர், மாம்பலம் தெருக்களில் தண்ணீர் நின்றது. துரைசாமி சுரங்கப்பாதை பெருமழைக்கு மூடப்படுவது வழக்கம். தரைத்தளத் தூண்களுக்கு நடுவே மோட்டாரும் மின் மீட்டர் பலகையும் எவ்வளவு உயரத்தில் வைக்கப் போகிறார்கள் என்று பில்டரிடம் கேளுங்கள். அந்தத் தெருவில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவரிடம் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று விசாரியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் எனக்குப் பெரிய கவலை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ரெரா என்று சொல்லும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ 8 வீட்டுக்கு மிகாமலோ கட்டினால் பதிவு தேவையில்லை என்று விலக்கு தருகிறது. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, கிட்டத்தட்ட 446 சதுர மீட்டர். வீடும் சரியாக 8. மாம்பலம், மயிலாப்பூர் மாதிரிப் பழைய பேட்டைகளில் எழும் புதுக் கட்டடங்களில் நிறைய இப்படித்தான். அதாவது, நடந்தே எல்லாம் முடிக்கக்கூடிய நல்ல தெருக்களில்தான் வாங்குபவருக்கான பதிவுப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. வீடு வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தை பில்டர் தனிக் கணக்கில் போட வேண்டும் என்ற கட்டாயமும் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வராது.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், வீடு முழுதாகக் கட்டி முடிந்த பிறகே வாங்குவேன். கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது இல்லை. கட்டும்போதே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூலப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், பில்டரின் வக்கீல் அல்ல. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் எத்தனை தளம், எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். கட்டுமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வங்கி கடன் தருகிறதே, அவர்களே பார்த்திருப்பார்களே என்று விட்டுவிடாதீர்கள். வங்கி தன் பணத்துக்குப் பாதுகாப்புப் பார்க்கிறது. உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டிலும் கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் உண்மையில் புழங்கும் இடம், எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, விலையை அதால் வகுத்துப் பாருங்கள். ஒன்றில் 1,000-க்கு 740 வரலாம், இன்னொன்றில் 680 வரலாம். உண்மையான விலை வித்தியாசம் அப்போது தெரியும்.

கேள்வி: போரூரில் 200 வீடுகள் கொண்ட திட்டம். ரெரா பதிவு இருக்கிறது. 'மெட்ரோ நிலையத்துக்கு நேரடி நடைபாதை' என்று விளம்பரத் தாளில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே 20 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா? பின்னால் நடைபாதை வராவிட்டால் கேட்க முடியுமா?

பதில்: 20 சதவீதம் கட்டாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. 'எல்லோரும் கட்டுகிறார்கள், இந்த வாரம்தான் இந்த விலை' என்பார்கள். அந்தப் பிரிவின் எண்ணை நீங்கள் சொன்னாலே பேச்சின் தொனி மாறும்.

நடைபாதை விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். திட்டத்தின் எல்லைக்குள், சுற்றுச்சுவரில் ஒரு வாசல் வைத்து மெட்ரோ சாலைப் பக்கம் திறப்பது பில்டர் கையில் இருப்பது. விளம்பரத்தில் தவறான தகவல் கொடுத்து, அதை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பு வந்தால் ஈடு கேட்கவும், திட்டத்திலிருந்து விலகி வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் 12-ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் சாலையைக் கடக்கும் மேம்பாலம், நிலையத்தின் நுழைவாயில் எல்லாம் அரசும் மெட்ரோ நிறுவனமும் முடிவு செய்பவை. அதற்கு பில்டரால் உறுதி தரவே முடியாது.

எனவே விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களையும் அழிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் 'எந்தத் தேதிக்குள், எந்தப் பக்கம், எவ்வளவு அகலத்தில் வாசல்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், அந்தப் படத்துக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, வீட்டை ஒப்படைப்பதாக அவர்களே பதிவு செய்த தேதியையும் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதியும் அதுவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தாமதமானால் வட்டி கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதும் தேதியை வைத்துத்தான் கிடைக்கும், ஆகவே அதைக் கவனமாகப் படியுங்கள்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. பஸ், மின்சார ரயில் போதும். கார் நிறுத்துமிடத்துக்கு 5 லட்சம் கட்டாயம் என்கிறார் பில்டர். தவிர்க்க முடியுமா?

பதில்: திறந்தவெளி நிறுத்துமிடம் என்றால் அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான பகுதி என்று ரெரா சட்டமே சொல்கிறது. தனியாக விலை போட்டு விற்க முடியாது. கட்டடத்தின் கீழே மூடிய இடம் என்றால் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலையைக் குறைக்கக் கேளுங்கள். அந்த இடத்தை உள்ளேயே இரண்டு கார் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்க பில்டருக்கு எளிது, பலர் இறங்கி வருகிறார்கள்.

சிலர் 'பின்னால் விற்கும்போது கார் இடம் இல்லாத வீட்டை யார் வாங்குவார்' என்று பயமுறுத்துவார்கள். ஸ்டேஷன் பக்கத்தில், காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் நடக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. வாடகைக்கு வருகிற இளைஞர்கள் இரு சக்கர வண்டிக்குத்தான் இடம் கேட்கிறார்கள். அதனால் அதற்கான இடத்தையும் சைக்கிள் வைக்க ஒரு மூலையையும் மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஆழ்வார்பேட்டையில் 1980-களில் கட்டிய 12 வீட்டுக் குடியிருப்பில் என் அப்பாவுக்கு ஒரு வீடு. மெட்ரோ நிலையம் வருவதால் இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்திருக்கிறார். 9 பேர் சரி என்கிறார்கள், 3 பேர் மறுக்கிறார்கள். அப்பா குழப்பத்தில் இருக்கிறார்.

பதில்: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்ட வழி உண்டு. 12-இல் 9 பேர் என்றால் அந்த அளவைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் அந்த மூன்று பேரை வென்றுவிட்டோம் என்று நினைக்காமல், அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், இரண்டு முறை வீடு மாற வேண்டுமே என்ற அச்சம் இருக்கும். அது நியாயமான அச்சம். பக்கத்திலேயே மாற்று வீடு, வாடகையை பில்டரே நேரடியாகக் கட்டுவது என்று எழுதிக் கொடுத்தால் பலர் சம்மதிப்பார்கள்.

அப்பா முக்கியமாகப் பார்க்க வேண்டியது நிலத்தின் பிரிக்கப்படாத பாகம். இன்று 12 பேர் பங்கு போடும் நிலத்தை நாளை 24 பேர் பங்கு போடுவார்கள். மெட்ரோ வருவதால் விலை ஏறுவது அந்த நிலத்துக்குத்தான், கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு குறையும். பழைய வீட்டைவிடப் பெரிய வீடு தருகிறேன் என்ற பேச்சில் மயங்காமல், பாகம் எவ்வளவு சதுர அடியாகக் குறைகிறது, அதற்கு ஈடாக என்ன வருகிறது என்று வக்கீலை வைத்துக் கணக்குப் போடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால், பில்டரின் பங்குக்கு மட்டும் என்று வரம்பு போட்டுக் கொடுங்கள். வேலை நின்றுபோனால் எடுத்துக்கொள்ள ஒரு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். மனை மெட்ரோ பாதையை ஒட்டி இருந்தால் மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டியிருக்கும். அது கைக்கு வருவதற்கு முன் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், மூலப்பத்திரங்களையும் கொடுக்க வேண்டாம்.