பூயேயும் வரென் பாலமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசர் பதினாறாம் லூயி 1791-இல் பாரிசிலிருந்து தப்பி ஓடி, வரென் என்ற ஊரில் பிடிபட்ட கதையில் தளபதி பூயேயின் பெயர் போகிற போக்கில்தான் வருகிறது. நோட்டில் அச்சான முகத்தை வைத்து அரசரை அடையாளம் கண்டுபிடித்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வழிநெடுக இவருடைய குதிரைப்படை நின்றதே, அது என்ன ஆயிற்று? இவர் கையாலாகாதவரா, இல்லை வேண்டுமென்றே கைவிட்டாரா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் இல்லை. அடையாளம் கண்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் வண்டி வரென் வரை ஓடியது. காவலுக்கென்று நிறுத்திய படைதான் வழியெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது என்பது என் எண்ணம்.

மார்க்கி த பூயே 1739-இல் ஓவெர்ன் பகுதியில் பிறந்தவர். ஏழாண்டுப் போரில் குதிரைப்படை அதிகாரி. பிறகு கரீபியத் தீவுகளில் ஆளுநர். அங்கே 1781 நவம்பரில் சின்ட் யூஸ்டேஷியஸ் தீவை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். இரவில் கரையிறங்கும்போது அலை படகுகளைப் பாறையில் அடித்து நொறுக்கியது. சுமார் 400 பேர்தான் கரை சேர்ந்தார்கள். திரும்பிப் போகப் படகு இல்லை, எதிரிப் படையோ இவர்களைவிடப் பெரியது. விடிந்ததும் நடந்தார்கள். முன்னால் போன அயர்லாந்துப் பிரிவின் சிவப்புச் சட்டையைப் பார்த்து ஆங்கிலேயர் தங்கள் ஆட்கள் என்றே நினைத்துவிட்டார்கள். தீவு விழுந்தது. கணக்குத் தப்பிய இடத்தில் தளபதியே நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

1790 ஆகஸ்டில் நான்சியில் மூன்று படைப்பிரிவுகள் கலகம் செய்தன. சம்பளக் கணக்கும் படைநிதிக் கணக்கும்தான் தகராறு. மெட்ஸிலிருந்து வந்த பூயே 31-ஆம் தேதி அதை அடக்கினார். ஷாத்தோவியே என்ற சுவிஸ் பிரிவில் 22 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள், 41 பேருக்குக் கப்பல் துடுப்புத் தண்டனை. நாடாளுமன்றம் பாராட்டியது. சிப்பாய்கள் மறக்கவில்லை. பூயேயும் அதன்பின் பிரெஞ்சுச் சிப்பாய்களை நம்பவில்லை. அரசரைத் தப்புவிக்கும் மறுவருடத் திட்டத்துக்கு ஜெர்மன் பேசும் குதிரைப்படைகளையே அதிகம் நாடினார்.

திட்டம் இதுதான்: எல்லையோரக் கோட்டையான மோன்மெதி வரை அரசரைக் கொண்டுவருவது. இலேசான, வேகமான இரண்டு வண்டிகள் வேண்டும் என்றார் பூயே. அரசர் குடும்பம் ஒரே பெரிய சாரட்டில்தான் வருவோம் என்றது. ரேன்ஸ் வழியாக வரலாம் என்றார். முடிசூடிய ஊர், முகம் தெரிந்துவிடும் என்று அரசர் மறுத்தார். புறப்படும் நாளை ஜூன் 19-லிருந்து 20-க்குத் தள்ளினார்கள். அரசியின் பணிப்பெண் ஒருத்தி மேல் சந்தேகம். பாரிசில் அது ஒரு நாள்தான். எல்லையில் குதிரைப்படைகளின் நடமாட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது.

சாலோனுக்கு அப்பால் போந்-த-சோம்-வேல் என்ற குதிரை மாற்றும் இடத்தில் 40 ஹுஸ்ஸார்கள் (இலகு குதிரைப்படை வீரர்கள்) காத்திருந்தார்கள். ஊரார் கேட்டால் படையின் சம்பளப் பணம் வருகிறது, அதற்குக் காவல் என்று சொல்ல வேண்டும். குத்தகை கட்ட மறுத்திருந்த அந்த ஊர் விவசாயிகளோ, நம்மிடம் வசூலிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று கூடிவிட்டார்கள். வண்டியோ பல மணி நேரத் தாமதம். பொறுப்பிலிருந்த ஷுவாசேல் மாலை ஐந்தரை வாக்கில் படையோடு கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுவழியில் போனார். பணம், அதாவது அரசர், இன்று வராது என்று அடுத்த ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அதுவும் யார் மூலம்? அரசியின் சிகையலங்காரக்காரர் லெயோனார் மூலம்! சற்று நேரத்தில் வண்டி வந்தது. அங்கே யாருமில்லை.

அடுத்தது சாந்த்-மெனூ. முந்தின நாளே ஹுஸ்ஸார்கள் கடந்துபோயிருந்தார்கள், அன்று காலை டிராகூன்கள் என்ற இன்னொரு வகைக் குதிரை வீரர்கள் வேறு. ஊர்க்காரர்கள் கையில் அதற்குள் துப்பாக்கி. இந்த நிலையில்தான் குதிரை நிலையத் தலைவர் துரூவே அரசரை அடையாளம் கண்டார். அவரும் பழைய டிராகூன் வீரர்தான். அமைதியான ஊராக இருந்திருந்தால் அவர் பேச்சுக்கு இத்தனை எடை கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அடுத்த ஊரான கிளெர்மோனில் டிராகூன்கள் தங்கள் அதிகாரியோடு வரவே மறுத்துவிட்டார்கள்.

வரெனில் குதிரை மாற்றும் நிலையமே கிடையாது. ஆகவே தனியாகக் குதிரைகள் நிறுத்த வேண்டும். ஊருக்குள் நுழையுமுன் நிற்கும் என்று அரசருக்குச் சொல்லியிருந்தார்கள். அவை நின்றதோ ஏர் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், ஒரு விடுதியில். இடம் மாறியதை யாரும் வழியில் வந்து சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு இருட்டில் கதவு கதவாகத் தட்டிக் குதிரையைத் தேடினார்கள். அந்த இடைவெளியில் துரூவே முந்திக்கொண்டார். மரச்சாமான் ஏற்றிய ஒரு வண்டியைப் பாலத்தில் குறுக்கே தள்ளி அடைத்தார்கள். ஊரில் ஹுஸ்ஸார்கள் இருந்தார்கள், ஆனால் தலைமை ஒரு இளம் துணை அதிகாரியிடம். குதிரைகளுக்குப் பொறுப்பு பூயேயின் இளைய மகன். இருவருமே வண்டியை மீட்க முயலாமல் தளபதிக்குச் சேதி சொல்ல ஓடினார்கள். ஷுவாசேலின் படை நள்ளிரவுக்குப் பின் வந்துசேர்ந்தபோது ஊரில் மணி அடித்துக் கூட்டம் திரண்டிருந்தது.

பூயே இந்தக் காவல் சங்கிலியின் மறுமுனையில், தூனுக்கும் ஸ்தெனேக்கும் இடையில் இருந்தார். சேதி கிடைத்தபோது விடியற்காலை. இரவெல்லாம் சேணம் பூட்டி நிற்கச் சொல்லியிருந்த ரொயால்-அல்மாந் குதிரைப்படை ஆயத்தமாகவே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வரெனை எட்டியபோது வண்டி பாரிசை நோக்கிக் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. குதிரைகள் களைத்திருந்தன. திரும்பி எல்லையைக் கடந்தார்.

கைவிட்டாரா என்றீர்கள். ஜூன் 26-ஆம் தேதி லக்சம்பர்க்கிலிருந்து நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றார். அது உண்மையில்லை, அரசருக்காக எடுத்துக்கொண்ட பழி. அதே கடிதத்தில், அரசர் மேல் கைபட்டால் பாரிசில் கல்மேல் கல் இராது என்றும் மிரட்டினார். 1792 ஏப்ரலில் எழுதப்பட்ட மார்செய்யேஸ் பாட்டில், பின்னாளில் பிரான்சின் தேசியகீதமான அதில், கொடுங்கோலரைச் சாடும் வரியில் ‘பூயேயின் கூட்டாளிகள்’ என்று அவர் பெயர் ஏறிவிட்டது. 1800-இல் லண்டனில் இறந்தார்.